போன் ஏன் இழுக்கிறது? ரங்கூன் ரிப்பேர் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

ரங்கூன் நகரத்துக்குள், காளியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கடையில் போன் பழுது பார்க்கிறேன். திரை உடைந்து வரும் போன்களுக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு வருவது "இழுக்குது தம்பி" என்ற புகார்தான். பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறவர்கள்கூட அதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். பத்துக்கு ஆறு போனில் குற்றம் உள்ளே இருக்கும் மெமரி சிப்பில் இருக்கிறது. அதுவும் சிப் கெட்டுப்போனதால் இல்லை, அதற்கு வேண்டியதை நாம் கொடுக்காததால். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்களுக்கானவை. ஐபோன் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

புதிதில் பறந்த போன் இரண்டு வருடத்தில் ஏன் இப்படி இழுக்கிறது?

பிராசசர் பழசாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பிராசசர் வயதாவதால் மெதுவாகாது, அன்று போட்ட கணக்கை இன்றும் அதே நேரத்தில் போடும். ஆப்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன, அது உண்மை. ஆனால் பேட்டரியை விட்டால், போனுக்குள் நிஜமாகவே வேகம் குறைகிற பாகம் சேமிப்பு சிப்தான். பிளாஷ் மெமரி என்று சொல்கிறோமே, அது.

கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து இலை போடலாம். ஆனால் எச்சில் இலை எடுத்துத் துடைப்பது வரிசை முழுக்க எழுந்த பிறகுதான். பிளாஷ் சிப்பும் இதே முறையில் ஓடுகிறது. எழுதுவது பேஜ் பேஜாக, ஒரு பேஜ் 4 முதல் 16 கேபி வரை இருக்கும். அழிப்பதோ பிளாக் பிளாக்காக. ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள். எழுதின பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது. நீங்கள் ஒரு குறிப்பைத் திருத்தினால் பழையது எச்சில் இலையாக அங்கேயே கிடக்கும், புதியதற்கு வேறு வரிசையில் இலை விழும்.

இன்று போன்களில் இருக்கும் நாண்ட் வகை பிளாஷை 1987-இல் ஜப்பானில் தோஷிபாவின் புஜியோ மசுவோகா குழு வெளியிட்டபோதே இந்த ஏற்பாடுதான். பெரிய பரப்பை ஒரே வீச்சில் அழிப்பது கேமரா பிளாஷ் வெட்டுவதைப் போல இருக்கிறது என்று அவருடன் வேலை செய்தவர் சொன்னதாலேயே அந்தப் பெயர் வந்ததாம்.

சரி, ஒரு வரிசையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், மீதிப் பேர் ரசத்துக்குக் காத்திருக்கிறார்கள். வெளியில் கூட்டம் நிற்கிறது. என்ன செய்வது? சாப்பிடுகிறவர்களை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு இந்த வரிசையைத் துடைத்தாக வேண்டும். சிப்புக்குள் இருக்கும் கன்ட்ரோலர் இந்த வேலையை ஓயாமல் பார்க்கிறது. கார்பேஜ் கலெக்‌ஷன் என்பார்கள். மண்டபம் பாதி காலியாக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். மண்டபம் நிரம்பி வழிந்தால், நீங்கள் கேமரா பொத்தானை அழுத்திய அந்த நொடியில்தான் ஆளை மாற்றி உட்கார வைக்க ஆரம்பிக்கும். ஒரு பேஜை வாசிக்கச் சில பத்து மைக்ரோ நொடி, எழுதச் சில நூறு மைக்ரோ நொடி, ஒரு பிளாக்கை அழிக்க மில்லி நொடிக் கணக்கு. அழிப்பது அவ்வளவு மெதுவான வேலை. அது முடியும்வரை உங்கள் படம் வாசலில் நிற்கும். திரை உறைந்து நிற்பதாக உங்களுக்குத் தெரிவது இதுதான்.

இந்தப் பந்தியை மறக்காதீர்கள், கீழே பல பதில்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

அப்படியென்றால் எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும்?

குறைந்தது பத்து சதவீதம். என் கணக்கில் இருபது சதவீதம் விட்டால்தான் நிம்மதி. 64 ஜிபி போனில் 12 ஜிபி காலியாக இருக்கட்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது வரும் சிப்களில் ஒரு செல்லுக்குள், அதாவது தரவு வைக்கும் சிற்றறைக்குள், 3 பிட் திணிக்கிறார்கள். 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்துப் பார்த்து எழுத வேண்டியிருப்பதால் அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் காலி இடத்தில் ஒரு பகுதியை, செல்லுக்கு 1 பிட் என்று வைத்து, வந்த தரவை முதலில் அங்கே வேகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு பல போன்களில் இருக்கிறது. பின்னால் ஓய்வு கிடைக்கும்போது அது நிதானமாக இடம் மாற்றி அடுக்கிக்கொள்ளும். காலி இடம் குறையக் குறைய இந்த முன்கூடமும் சுருங்கிப் போகலாம். 95 சதவீதம் நிரம்பிய போனில் ஒரு சின்ன வீடியோவைச் சேமிக்கவும் மூச்சு வாங்குவது இதனால்.

இரவில் சார்ஜில் போடச் சொல்கிறீர்களே, அதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நீங்கள் ஒரு படத்தை அழிக்கும்போது, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் போனின் ஃபைல் சிஸ்டம் தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்தப் பெயரை அடித்துவிடுகிறது. சிப்புக்கு அது தெரியாது. பந்தியில் ஒருவர் பின்வாசல் வழியாக எழுந்து போய்விட்டார், இலை மட்டும் மூடாமல் கிடக்கிறது. பரிமாறுகிறவர் ஆள் கை கழுவிவிட்டு வருவார் என்று அந்த இலையையும் வரிசைக்கு வரிசை தூக்கிக்கொண்டு அலைகிறார். செத்த தரவைச் சுமந்து சுமந்தே சிப் களைத்துப் போகிறது.

"இன்னின்ன இடங்கள் இனி வேண்டாம்" என்று ஃபைல் சிஸ்டம் சிப்பிடம் சொல்லும் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். ஆண்ட்ராய்டில் இது 2013-இல், 4.3 பதிப்போடு வந்தது. அதற்கு முன் வந்த சில டேப்லெட்டுகள் ஒரே வருடத்தில் நத்தையாகி, இந்தப் புதுப்பிப்புக்குப் பிறகு உயிர் பெற்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் போன் இதை எப்போது செய்கிறது? நாம் உபயோகிக்கும்போது குறுக்கே வரக்கூடாது என்பதால், வழக்கமான ஏற்பாட்டில் நள்ளிரவுக்குப் பிறகு, போன் சார்ஜில் இருந்து, யாரும் அரை மணி, ஒரு மணி நேரம் தொடாமல் இருக்கும்போதுதான். ஆப்களை வேகமாகத் திறப்பதற்கான முன்தயாரிப்பையும் ஆண்ட்ராய்டு இதே நேரத்தில்தான் செய்துகொள்கிறது.

இப்போது நம் ஊர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கரண்டு முறை வைத்து வருகிறது. பகலில் வந்தால் பகலில் சார்ஜ், நடு இரவில் வந்தால் எழுந்து தண்ணீர் மோட்டார் போடுகிற கையோடு போனையும் செருகுகிறோம், விழித்ததற்கு ஒரு பத்து நிமிடம் பார்க்கவும் செய்கிறோம். மற்ற இரவுகளில் போன் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. வாரக் கணக்கில் அந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கு நேரமே வாய்க்காமல் போய்விடும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அதே மாடல் போன் நன்றாக ஓட, இங்கே இருப்பது இழுப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது பல வருடம் மேசையில் உட்கார்ந்து பார்த்து நான் வந்த முடிவு.

தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் போனைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் இரவு கரண்டு வருவது அபூர்வம். கடைக்குக் கொண்டுவரும்போது போனைத் திறந்து தமிழ் விசைப்பலகை மேலே வர நான்கு எண்ணலாம். ஐந்து ஜிபி பழைய வீடியோக்களை மாற்றி எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, மூன்று ராத்திரி பவர் பேங்கில் செருகி, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். விடியும்வரை கை வைக்காதீர்கள்" என்றேன். ஒரு பைசா வாங்கவில்லை, செய்ததற்கும் ஒன்றுமில்லை. நான்காம் நாள் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலத்தோடு வந்தார். விசைப்பலகை தொட்டதும் வந்தது.

ஆமாம், பவர் பேங்க் போதும். சுவரிலிருந்து வருகிறதா பேங்கிலிருந்து வருகிறதா என்று போன் பார்ப்பதில்லை, சார்ஜ் ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறது. வாரத்தில் இரண்டு இரவு இப்படி விட்டால் நல்லது. புது போன்கள் பலவற்றில் எஃப்2எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருப்பதால் பகலிலேயே ஓய்வு கிடைக்கும் இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாக டிரிம் சொல்லிக்கொள்ளும். அவற்றிலும் இரவு ஓய்வு உதவும், பழைய போன்களுக்கோ அது உயிர்.

ஐபோனில் இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதன் ஏற்பாடு வேறு. காலி இடம் மட்டும் விடுங்கள்.

கிளீனர், பூஸ்டர், டிஃப்ராக் ஆப்கள் உதவுமா?

உதவாது. டிஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் ஃபைல்களைச் சேர்த்து அடுக்குவது, தட்டு சுழல ஊசி நகர்ந்து தேடும் பழைய ஹார்டு டிஸ்குக்கு. பிளாஷில் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், எனவே அது வீணாக எழுதி சிப்பின் ஆயுளைத்தான் தின்னும். கிளீனர்கள் ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேச்சை அழிக்கும், ஆப் மறுநாள் அதே கேச்சைத் திரும்ப இறக்கி எழுதும். நடுவில் விளம்பரம். நீக்கிவிடுங்கள்.

வைபர் அரட்டைக் குழுக்களில் இருப்பதால்தான் போன் மெதுவாகிறதா?

ஓரளவுக்கு ஆம், அதன் காரணம் கொஞ்சம் சுவாரசியமானது.

பெரிய வீடியோவை வரிசையாக எழுதுவது சிப்புக்குச் சிரமம் இல்லை. பொடிப்பொடியாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதுவதுதான் அதை வாட்டும். அரட்டை ஆப்கள் பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில்தான் எழுதுகின்றன. "வந்தாச்சு", "சரிண்ணே" என்று இரண்டு சொல் வந்தாலும், நடுவில் பேட்டரி தீர்ந்தால் தொலைந்துவிடக் கூடாது என்று எஸ்கியூலைட் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதும், அப்புறம் உண்மையான இடத்தில் எழுதும். அதற்குக் கீழே இருக்கும் ஃபைல் சிஸ்டமும் தன் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். இரண்டு சொல்லுக்காகப் பல மடங்கு எழுத்து வேலை. கையெழுத்துப் போட ஒரு நிமிடம், அதைப் பதிவேட்டில் ஏற்ற நான்கு மேசை என்பதைப் போல.

இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் பெரிய முயற்சிகள் நடந்தன. எஸ்கியூலைட்டில் திருத்தங்களை ஒரே நாட்குறிப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் WAL என்ற முறை வந்தது. சாம்சங்கில் ஜேகுக் கிம் எழுதிய எஃப்2எஃப்எஸ் 2013-இல், ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸின் 3.8 பதிப்பில் சேர்ந்தது. பிளாஷ் எப்படி எழுத விரும்புமோ அப்படி, சிதறிய எழுத்துகளைச் சேர்த்து வரிசையாக எழுதித் தள்ளும்படி அதை வடிவமைத்தார்கள். பழைய வட்டுகளுக்காகப் பிறந்த ஃபைல் சிஸ்டங்களைப் போனுக்குள் திணித்த காலம் போய், பிளாஷுக்கென்றே ஒன்று பிறந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கைக்கடக்கமான விலையில் வரும் போன் இன்று நன்றாக ஓடுவதில் அதற்குப் பங்கு உண்டு.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: குழுக்களில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சித்திரை ஒன்றுக்கும் வரும் வாழ்த்துப் படங்கள் மட்டும் ஒரு போனில் 7 ஜிபி இருந்ததை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரே பிள்ளையார் நாற்பத்தொரு முறை.

"ரேம் விரிவாக்கம்" என்று போனிலேயே வருகிறதே, போட்டு வைக்கலாமா?

4 ஜிபி ரேம் (ஓடும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) உள்ள போனில் இன்னொரு 4 ஜிபி சேர்த்ததாகக் காட்டும். அந்த இன்னொரு 4 ஜிபி உங்கள் சேமிப்பு சிப்பிலிருந்து கடன் வாங்கியது. ரேமில் இடம் போதாதபோது அங்கே எழுதி, வேண்டும்போது திரும்ப வாசிக்கும். பிளாஷின் வேகம் ரேமின் கால்தூசிக்குக்கூட வராது. யுஎஃப்எஸ் என்ற வேக வகைச் சிப்பும் (அடுத்த பதிலில் சொல்கிறேன்) 128 ஜிபிக்கு மேல் இடமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆப்கள் அடிக்கடி மூடிப்போவது கொஞ்சம் குறையும். 32, 64 ஜிபி போனில் நிறுத்திவிடுவதே மேல். இருக்கிற இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, எழுதி எழுதிச் சிப்பைத் தேய்க்கும்.

வாங்கும்போது இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்கிறார்களே, எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டும் சேமிப்பு சிப்பின் வகைகள். இஎம்எம்சி என்பது ஒற்றைவழிப் பாலம். ஒரு பக்க வண்டி போய் முடிந்தால்தான் மறுபக்க வண்டி வரலாம், அதாவது வாசிப்பும் எழுத்தும் மாறி மாறித்தான். அதன் 5.1 பதிப்பின் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ்ஸில் போக ஒரு வழி, வர ஒரு வழி. பல கட்டளைகளை வரிசையில் வாங்கி வைத்துக்கொண்டு எதை முதலில் முடிப்பது என்று தானே முடிவு செய்யும். 2015-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6-இல் யுஎஃப்எஸ் 2.0 வந்தது, 2020-இல் 3.1, 2022-இல் 4.0. இந்த 4.0-இன் ஒரு தடத்தின் வேகம் 23.2 கிகாபிட், 3.1-ஐப்போல் இரண்டு மடங்கு. நடுத்தர விலைப் போன்களில் 2.2 இருந்தாலே போதும். நான் மேலே சொன்ன முன்கூட ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. ஆப்பிள் 2015-இல் ஐபோன் 6எஸ்ஸிலிருந்து என்விஎம்இ என்ற வேறு வழிக்குப் போய்விட்டது.

பழைய போன் வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. 2014-இல் ஆயிரத்து ஐந்நூறு கியாட்டுக்குச் சிம் கிடைத்தபோது ஊரே போன் வாங்கியது. அன்றிலிருந்து கை மாறிக் கை மாறி வரும் போன்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. பெட்டியில் எழுதியதை நம்பாதீர்கள். ஆண்ட்ரோபெஞ்ச் போன்ற ஒரு சோதனை ஆப்பை ஓட்டிப் பாருங்கள். தொடர் வாசிப்பு நொடிக்கு 300 எம்பி பக்கத்திலேயே நின்றால் அநேகமாக இஎம்எம்சி. 500-ஐத் தாண்டினால் நிச்சயமாக யுஎஃப்எஸ். இதைவிட முக்கியமாக, 4 கேபி சிதறல் எழுத்து (Random Write) என்ற எண்ணைப் பாருங்கள். அன்றாடம் நாம் உணரும் வேகம் அதுதான்.

ஒரே மாடலில் 64, 128 என்று இரண்டு இருந்தால் காசு சேர்த்து 128 வாங்குங்கள். உள்ளே கூடுதல் அடுக்குகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் பெரும்பாலும் எழுத்து வேகமும் கூடும், தேய்மானமும் பரவும்.

64 ஜிபி என்றார்கள், 50க்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குச் சொல்கிறார். 1024-ஆல் வகுத்துப் பார்த்தால் 64 என்பது 59.6 ஆகிவிடும். மீதியை ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் எடுத்துக்கொள்கின்றன.

மெமரி கார்டு போட்டால் வேகம் கூடுமா? எதை வாங்குவது?

வேகம் கூடாது. ஆனால் படங்களையும் வீடியோக்களையும் அங்கே தள்ளினால் உள்சிப்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், அந்த வழியில் போன் மீளும்.

கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்றும், யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3 என்றும் இருப்பது வீடியோ பதிவுக்கான உத்தரவாதம். 10-ம் யு1-ம் நொடிக்கு 10 எம்பி, யு3 30 எம்பி. ஆப்களைக் கார்டில் வைக்க நினைத்தால் ஏ1 என்ற குறி இருக்க வேண்டும். நொடிக்கு 1500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து என்பது அதன் குறைந்தபட்சம். ஏ2-க்கு 4000, 2000. ஆனால் ஏ2-இன் முழு வேகம் கிடைக்கப் போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், பெரும்பாலான போன்கள் ஒத்துழைப்பதில்லை. ஏ1 வாங்கினால் போதும், மிச்சக் காசில் நல்ல கடையில் வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு 6-இலிருந்து கார்டை உள்சேமிப்பாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி சில போன்களில் உண்டு. நான் யாருக்கும் அதைச் செய்து கொடுப்பதில்லை. கார்டு மெதுவானால் போன் முழுக்க மெதுவாகும். கார்டு செத்தால் ஆப்களும் போகும். அந்தக் கார்டு அந்தப் போனுக்கென்றே பூட்டப்படுவதால் வேறு எதிலும் திறக்கவும் முடியாது.

தெருவில் 512 ஜிபி கார்டு மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப் இருக்கும். கன்ட்ரோலரை மட்டும் "நான் 512" என்று சொல்லும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். போன் நம்பும். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கப்புறம் எழுதுவது எங்கேயும் சேராது, அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே போய் விழும். பெயரும் அளவும் பட்டியலில் தெரியும், திறந்தால் சாம்பல் கட்டம்.

ஒரு பையன், இருபது வயது இருக்கும், அப்பா அக்கினிச் சட்டி எடுத்ததையும் தீ மிதித்ததையும் முழுதாகப் பிடித்து அப்படிப்பட்ட கார்டில் வைத்திருந்தான். முப்பத்தெட்டு வீடியோ. முதல் ஐந்து ஓடின. அப்பா மஞ்சள் வேட்டியோடு குண்டத்தின் முன் நிற்கிறார், உடுக்கை கேட்கிறது, ஆறாவது வீடியோவைத் தொட்டால் ஒன்றும் இல்லை. மீட்டுக் கொடுங்கள் அண்ணே என்றான். எழுதப்படாததை எங்கிருந்து மீட்பது? அவனிடம் அதைச் சொன்னது இந்த வேலையில் நான் சொன்ன கடினமான பதில்களில் ஒன்று.

எந்தக் கார்டு வாங்கினாலும் உபயோகிக்கும் முன் கணினியில் போட்டு முழுதாக நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் இலவசம். 128 ஜிபி கார்டை நொடிக்கு 20 எம்பி வேகத்தில் நிரப்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதன் பிறகு வாசிக்க இன்னும் கொஞ்ச நேரம். கரண்டு இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். கணினி இல்லாதவர்கள் கொண்டுவாருங்கள், நான் போட்டுத் தருகிறேன்.

ஃபேக்டரி ரீசெட் செய்தால் புதிதுபோல ஆகிவிடுமா?

பெரும்பாலும் நல்ல மாற்றம் தெரியும். மண்டபம் முழுக்கக் காலி என்று சிப்புக்கு ஒரே அடியாகச் சொல்லிவிடுவதால் எச்சில் இலைகள் எல்லாம் ஒன்றாகப் போகின்றன. ஆனால் இது கடைசி வழி. முதலில் இடம் காலி செய்து, சில இரவுகள் சார்ஜில் விட்டுப் பாருங்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் படங்கள், தொடர்பு எண்கள், வைபர் உரையாடல்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எடுத்தது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ரீசெட் செய்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

சிப்பின் ஆயுள் எத்தனை வருடம்?

ஒவ்வொரு அழிப்பும் செல்லைக் கொஞ்சம் தேய்க்கிறது. செல்லுக்கு 1 பிட் வைத்த பழைய வகை லட்சம் முறை தாங்கும். 3 பிட் வகை ஆயிரத்திலிருந்து மூவாயிரம். பயந்துவிடாதீர்கள். 64 ஜிபி சிப் ஆயிரம் முறை தாங்கினால் மொத்தம் 64,000 ஜிபி எழுதலாம். நாளுக்கு நீங்கள் 10 ஜிபி எழுதி, உள்ளே ஆள் மாற்றி உட்கார வைப்பதால் அது மூன்று மடங்காகி 30 ஜிபி ஆனாலும் ஐந்தரை வருடத்துக்கு மேல் வரும். நிரம்பி வழியும் போனில் அந்த மூன்று மடங்கு பத்து மடங்குகூட ஆகலாம். அப்போது கணக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு இறங்கிவிடும். காலி இடம் ஆயுளையும் கூட்டுகிறது என்பது இதுதான்.

இஎம்எம்சி 5.0-இலிருந்து சிப்பே தன் தேய்மானத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாகச் சொல்லும், யுஎஃப்எஸ்ஸிலும் உண்டு. பழைய போன் வாங்குமுன் தெரிந்த கடையில் அதை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சிப்பை மாற்றிப் பெரியதாகப் போட முடியுமா?

வெப்பக் காற்றில் கழற்றிப் புதிதாக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய தரவு பெரும்பாலும் வராது. அது பூட்டப்பட்டிருக்கும் சாவி பிராசசரோடு கட்டப்பட்டது. பழைய போனுக்கு அந்தச் செலவு தகாது.

வெயிலில் போன் மெதுவாகிறதே? பழைய படங்களை பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்தால் பத்திரமா?

சித்திரை வெயிலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாக் கூட்டத்தில், பிளாஸ்டிக் பைக்குள் போனை மூடிக் கழுத்தில் தொங்கவிட்டு வீடியோ எடுக்கிறோம். சூடு ஏற ஏறப் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நிழலில் வைத்துப் பையைக் கழற்றினால் சரியாகிவிடும். நனைந்திருந்தால் சார்ஜில் மட்டும் போடாதீர்கள்.

அலமாரிக் கேள்விதான் கவனம் தேவைப்படுவது. பிளாஷ் செல்லில் தரவு என்பது சிறைப்பட்ட மின்னேற்றம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அது மெல்லக் கசியும். சூட்டில் வேகமாகக் கசியும், தேய்ந்த செல்லில் இன்னும் வேகமாக. வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டி என்ற பிளாஷ் வட்டுகளுக்கு, சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் விதி கேட்பதே, ஆயுள் முழுதும் தேய்ந்த பிறகு 30 டிகிரியில் ஒரு வருடம் தரவு நிற்க வேண்டும் என்பதுதான். புதிய, அதிகம் எழுதாத டிரைவில் பல வருடம் நிற்கும். ஆனால் நம் வீட்டு இரும்பு அலமாரி ஏப்ரலில் 30 டிகிரியிலா இருக்கிறது?

பிள்ளைகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தாத்தா பாட்டி படம் மொத்தமும் ஒரே பென் டிரைவில், மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூசை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை எடுத்துச் செருகி எல்லாப் படத்தையும் கணினிக்கு நகலெடுத்து, டிரைவை அழித்து, திரும்ப எழுதுங்கள். எழுதியதும் மின்னேற்றம் புதிதாகிறது. இன்னொரு நகல் வேறு ஊரில், வேறு ஆளிடம் இருக்கட்டும்.

சிப் சாகப் போகிறது என்று எப்படித் தெரியும்?

எடுத்த படம் மறுநாள் சாம்பல் கட்டமாகிறது. ஆப் நிறுவினால் பாதியில் நின்றுவிடுகிறது. அழித்த படங்கள் போனை அணைத்துப் போட்டதும் திரும்ப வந்து நிற்கின்றன. இந்தக் கடைசி அறிகுறி வந்தால், சிப் இனி எழுத மறுத்துவிட்டது, வாசிக்க மட்டும் விடுகிறது என்று பொருள். ரீசெட் செய்யாதீர்கள், அப்டேட் போடாதீர்கள், அணைத்து அணைத்துப் போட்டும் பார்க்காதீர்கள். போன் விழித்திருக்கும்போதே கேபிள் செருகி முதலில் படங்கள், அப்புறம் தொடர்பு எண்கள், அப்புறம் மற்றவை என்று எடுத்துவிடுங்கள். கேபிளோ கணினியோ இல்லையென்றால் போனை அணைக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அந்தப் போனைத்தான் முதலில் எடுப்பேன்.